நாட்டின் வாலும் செசிலியின் கதவும்

செசிலி விளைமீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை காலை வாசல் கதவை யாரோ தட்டினார்கள், அவள் கை கழுவாமலே போய்த் திறந்தாள், வாசலில் ஆள் இல்லை, ஆள் நிற்கவேண்டிய இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு காற்று நின்றது, அந்தக் காற்றில் பனி வாசம் அடித்தது. சங்குத்திட்டில் பனியைக் கண்டவர் யாரும் கிடையாது. ஆனாலும் அது பனிதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளேயிருந்து அவள் புருஷன் தஸ்நேவிஸ் இடுப்புச் சாரத்தை இறுக்கிக்கொண்டே வந்தான், அவளைத் தோளால் ஒதுக்கினான், அந்தக் காற்றைப் பார்த்து, வாங்க, மீன்வளத் துறைதானே, கோயிலைத் தாண்டி ரெண்டாவது சந்து என்று விரலை நீட்டினான். காற்று அந்தப் பக்கம் போயிற்று. அவன் திரும்பி வந்து மீதிக் காப்பியைக் குடித்தான்.

யாரது என்று கேட்டாள். நாட்டுக்கு வந்தவங்க என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

சங்குத்திட்டு ஒரு நாடு. சிரிக்க வேண்டாம். பதினோராயிரம் பேர், ஒரு கொடி, மூன்று மந்திரிகள், உலக சபையில் ஓர் ஓரத்து நாற்காலி, நாடுதான். நாடென்றால் இணையத்தில் அதற்கு ஒரு வால் வேண்டுமாம், அந்த நாட்டு முகவரிகள் எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு புள்ளியும் இரண்டு எழுத்தும். அந்த வாலை யார் பொறுப்பில் விடுவது என்று கடல் கடந்த ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தபோது மந்திரிகள் மூவரும் அதை ஒருவர் மேசையிலிருந்து அடுத்தவர் மேசைக்குத் தள்ளத் தள்ள, கடைசியில் அது தந்தி ஆபீஸ் குமாஸ்தா தஸ்நேவிஸ் மேசையில் வந்து விழுந்தது. தீவில் அவனுக்குத்தான் ஆங்கிலக் கையெழுத்து அழகு. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி எழுதினான். பொறுப்பாளர் முகவரி என்று கேட்டிருந்த கட்டத்தில் ஆபீஸ் முகவரியை எழுதவில்லை, ஆபீசுக்கு வரும் கடிதத்தையெல்லாம் சூப்பிரண்டு பிரித்துப் படித்துவிடுவார். வீட்டு முகவரியை எழுதினான். தஸ்நேவிஸ் பர்னாந்து, மாதா கோயிலுக்கு எதிர்த்த வீடு, சங்குத்திட்டு. அன்றிலிருந்து உலகத்தின் எந்த மூலையில் யார் உட்கார்ந்து அந்த இரண்டெழுத்தில் முடியும் ஒரு பெயரைத் தேடினாலும், அந்தத் தேடல் நேரே வந்து அந்த வீட்டுக் கதவில் நின்றது. வேறெங்கே போய் நிற்கும். முகவரி அதுதானே.

ஊர் வந்து பார்த்தது. இரண்டு நாள் பார்த்தது. மூன்றாம் நாள் அவரவர் வலையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. காற்று வரும், தட்டும், தஸ்நேவிஸ் வழி சொல்லுவான், காற்று போகும். இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். ஆனால் ஒவ்வொரு காற்றும் தான் புறப்பட்ட ஊரின் வாசத்தோடு வந்ததால் சில சங்கடங்கள் உண்டாயின. ஒருமுறை எங்கோ கொட்டுகிற மழையின் வாசத்தோடு ஒன்று வந்து நிற்க, கடற்கரையில் கருவாடு காயப்போட்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஓடி ஓடி வாரிக் கட்டினார்கள், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அதற்குப் பிறகு நம்ம மழையா அவுக மழையா என்று கோயில் தெருவில் ஆள் விட்டுக் கேட்டுக்கொண்டுதான் கருவாட்டில் கை வைத்தார்கள். ஞாயிறு பூசை நேரத்தில் தட்டும் சத்தம் கேட்டால் சாமியாருக்குப் பிரசங்கம் மறந்துபோனது. அவர் சொல்லிவிட்டார், அதனால் ஞாயிறு காலை ஒரு மணி நேரம் தஸ்நேவிஸ் கதவைத் திறப்பதில்லை, உலகமும் முதலில் முணுமுணுத்து, பிறகு அது பராமரிப்பு நேரம் என்று தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு பழகிவிட்டது. வேப்பங்கதவு நான்கு மாதத்தில் தேய்ந்தது, பூவரசங்கதவு ஒரு வருஷம் நின்றது, பிறகு தச்சன் பழைய படகொன்றைப் பிரித்து அயினிப் பலகையில் கதவு செய்து மாட்டினான்.

ஏனென்றால் தட்டல்கள் பெருகின. அந்த இரண்டெழுத்துக்கு எங்கோ ஒரு தேசத்து மொழியில் நல்ல அர்த்தமாம், அங்கே கடை வைத்தவன், பாட்டுப் பாடியவன், செருப்பு விற்றவன் எல்லாரும் தங்கள் பெயருக்குப் பின்னால் அதை மாட்டிக்கொண்டார்கள். நாளைக்கு மூன்று காற்று என்று இருந்தது முந்நூறாயிற்று, மூவாயிரமாயிற்று, பிறகு எண்ணவில்லை, தூறல்போல விழுந்துகொண்டே இருந்தது. ஆபீசில் தஸ்நேவிஸுக்கு விடுப்புக் கொடுத்தார்கள், பிறகு அந்த விடுப்பையே உத்தியோகமாக்கிவிட்டார்கள். அவன் கதவோரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தான். ஒன்பது வருஷம் உட்கார்ந்தான்.

செசிலிக்கு அது பொறுக்கவில்லை.

ஊரில் எல்லாரும் அவளைப் பாக்கியவதி என்றார்கள். புருஷன் குடிக்கவில்லை, கடலுக்குப் போகவில்லை, பகல் முழுக்க வீட்டு வாசலில் இருக்கிறான், இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார்கள். அவர்களுக்குத் தெரியாது. அவள் சோறு வைத்து இங்கேருங்க என்று கூப்பிட்டால் ம் என்பான், மீன் நல்லா அவிந்திருக்கா என்று கேட்டால் ம் என்பான், அவன் அம்மை செத்துப்போனாள் என்று சேதி வந்தபோதும் முதலில் ம் என்றுதான் சொன்னான். அதே வாய் கதவைத் திறந்ததும், வாங்க வாங்க, தூரத்திலேருந்து வாரீகளா, இப்படித் திரும்பிப் போங்க, பார்த்துப் போங்க என்று தேன் வடிக்கும். சில காற்றுகளில் பெண்பிள்ளைத் தலைமுடி வாசம் வரும், தெரியாத பூ, தெரியாத எண்ணெய். அப்போதெல்லாம் செசிலி அம்மியை இழுத்துப் போட்டு அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் அரைப்பாள். அரைத்துக்கொண்டே காது கொடுப்பாள். எந்தக் காற்று, எந்தப் பெயர், எந்தத் திக்கு, எவளுக்கு எத்தனை வார்த்தை அதிகம் சொன்னான், எல்லாம் அவள் நெஞ்சில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிற்று.

ஒரு நாள் மத்தியானம் அவளுக்கு ஒரு புத்தி வந்தது. வரக்கூடாத புத்தி. கொல்லைக் கதவு வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றி முன்வாசலுக்கு வந்து, காற்றுகளுக்கு நடுவே தானும் ஒன்றாக நின்று, தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினாள். தஸ்நேவிஸ் திறந்தான். அந்த முகத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை, பின்னாலிருந்து முதுகைத்தான் பார்த்திருந்தாள். அப்படி ஒரு வெளிச்சம், கலியாணத்தன்றுகூட இல்லாத வெளிச்சம். அந்த முகத்தோடு அவளைப் பார்த்தான். பிறகு அவள் தோளுக்கு மேலே, அவளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தான்.

"நீயா" என்றான்.

மறுநாள் அவள் மந்திரிக்கு மனு எழுதினாள்.

ஒரு தேசத்தின் வாலை ஒரு தனியாள் தன் வீட்டில் கட்டி வைத்திருப்பது முறையல்ல, அதை அரசாங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள், ஒளித்துக்கொள்ளவில்லை. முன்பு அந்தக் கடிதத்தைத் தள்ளிவிட்ட மந்திரிகளில் ஒருவர்தான் இப்போதும் மந்திரி. வால் என்பது பொக்கிஷம் என்று அவருக்கு இதற்குள் யாரோ ஓதியிருந்தார்கள், மனு கைக்கு வந்ததும் பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று எழுந்து நின்று படித்தார். கடல் கடந்த அலுவலகத்துக்கு எழுதினார்கள். அவர்கள் திரும்பக் கேட்டது ஒன்றே ஒன்று, உங்கள் ஜனங்களுக்குச் சம்மதமா என்று. மீன் ஏலக் கொட்டகையில் ஒரு தாளை ஒட்டினார்கள், நானூறு பேர் கையெழுத்துப் போட்டார்கள், அதில் எண்பது பேர் அப்படியே கொட்டகைக் கூரையையும் மாற்றித் தர வேண்டும் என்று சேர்த்து எழுதினார்கள். தஸ்நேவிஸ் சண்டை போடுவான் என்று ஊர் எதிர்பார்த்தது. அவன் தாளை வாங்கினான், அந்த அழகான எழுத்தில் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போனான். மனு எழுதியவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவும் செசிலிக்குப் பொறுக்கவில்லை.

பிறகு பூசை முடிந்ததும் கோயிலில் அறிவிப்புச் செய்தார்கள். வாலைப் பொறுப்பேற்கப்போவது தொலைத்தொடர்பு அதிகாரி அமலோற்பவம்.

அமலோற்பவம் செசிலியின் தங்கச்சி.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்று செசிலி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். முதல்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு அக்காளுக்கென்று வாங்கிய வெள்ளைச் சப்பாத்து தங்கச்சி காலுக்குத்தான் பொருந்தும். அக்காள் கூட்டிப் பெருக்கிய வீட்டுக்குத் தங்கச்சியைப் பெண் பார்க்க வருவார்கள். அப்பா பணம் சேர்த்தது ஒருத்திக்குப் படிக்கத்தான் போதும் என்றபோது கப்பலேறிப் போனது எந்த ஒருத்தி என்று சொல்ல வேண்டியதில்லை. இத்தனைக்கும் அமலி எதையும் பிடுங்கியதில்லை. அவள் சும்மா நிற்பாள், எல்லாம் அவள் கைக்குப் போகும். அதுதான் எரிச்சல்.

அமலி தன் ஆபீஸ் வாசலுக்கு நீலச் சாயமடித்த புதுக் கதவு போட்டாள், பித்தளை வளையம் மாட்டினாள், வழி சொல்ல ஆறு குமாஸ்தாக்களை வரிசையாக உட்கார வைத்தாள். மாதம் பிறந்த அன்று பகல் பன்னிரண்டு மணிக்குக் கடலுக்கு அப்பால் ஏட்டில் பெயர் மாற்றியாயிற்று. மந்திரி வந்தார், மாலை வந்தது, பேண்டு வாத்தியம் வந்தது. காற்று வரவில்லை. எல்லாம் பழையபடி மாதா கோயிலுக்கு எதிர்த்த வீட்டிலேயே தட்டிக்கொண்டிருந்தன. எழுதிக் கேட்டார்கள், ஏட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது, இரண்டு நாள் பொறுங்கள் என்று பதில் வந்தது. பத்து நாள் பொறுத்தார்கள். ஆறு குமாஸ்தாக்களும் நீலக் கதவைப் பார்த்துப் பார்த்துத் தூங்கினார்கள்.

கடைசியில் படகுச் சங்கத் தலைவி தெக்லா மாமி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "கயிறு நனைக்காம இந்த ஊர்ல எது கைமாறியிருக்கு? படிச்சவளுக்குத் தெரியலைன்னா போவுது, மந்திரிக்குமா தெரியல?"

எல்லாருக்கும் வெட்கமாகப் போயிற்று. ஏனென்றால் அது தீவில் குழந்தைக்கும் தெரியும். படகு விற்றால் பத்திரம் எழுதினால் போதாது; விற்றவன் பெண்டாட்டி ஒரு செம்பு கடல் தண்ணீரில் நங்கூரக் கயிற்றை நனைத்து வாங்குகிறவர் கையில் வைத்து, போய் நில்லு என்று சொல்ல வேண்டும். அதுவரை படகு பழைய துறைக்குத்தான் தலையைத் திருப்பும். நனைக்காமல் வாங்கிய ஒருவன் படகு மூன்று வருஷம் தினமும் சாயங்காலம் பழைய முதலாளி வாசலில் போய் நின்றதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். வாலுக்கும் அப்படித்தானே இருக்கும். தஸ்நேவிஸ் வீட்டுக் கதவில் தாழ்ப்பாளை வெளியிலிருந்து இழுக்க ஒரு கயிறு தொங்கியது, அதுதான் கயிறு என்று முடிவாயிற்று. நனைக்க வேண்டியவள் செசிலி. நாட்டின் வால் இப்போது அவள் கைச் செம்பில் தொங்கியது.

போய்க் கேட்டார்கள். யோசிக்கணும் என்றாள். நீதானே மனு எழுதினாய், இனி என்ன யோசனை என்றார்கள். மனு எழுதுனது வேற, இது வேற என்றாள். நனைக்காவிட்டால் புருஷன் செத்தாலும் அந்த முக்காலியிலேயே சாவான். நனைத்தால் ஊர் உலகமெல்லாம் அமலி கதவைத் தட்டும். இரண்டு பக்கமும் எரிந்தது. எந்தப் பக்கம் அதிகம் எரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் அமலி அத்தானை ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினாள், பெயர்களும் திக்குகளும் பாதிதான் அவன் ஏட்டில் இருந்தன, மீதி அவன் தலைக்குள் இருந்தது, அதைக் குமாஸ்தாக்களுக்குச் சொல்லி எழுதவைக்க ஐந்து நாளாகும். தஸ்நேவிஸ் காலையில் போனான், போகும்போது கதவிடம்தான் போய்வருகிறேன் என்றான்.

செசிலி வீட்டில் தனியாக இருந்தாள். கதவு தட்டியது. திறக்கவில்லை. தட்டட்டும், கை வலித்தால் போகட்டும் என்று புளி கரைத்தாள். ஆனால் அவை கோபித்துக்கொள்ளவில்லை, உடைக்கவில்லை, போகவுமில்லை. ஒன்றின் பின் ஒன்றாகத் தெருவில் வரிசை கட்டின, வரிசை கோயிலைச் சுற்றிக் கடற்கரை வரைக்கும் போயிற்று, ஊரில் துணி காயப்போட இடமில்லை, பனியும் டீசலும் ரொட்டியும் யார் யார் தலைமுடியும் கலந்த ஒரு வாசம் சங்குத்திட்டு முழுக்கக் கவிந்தது, தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, மதினி, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிடேன் என்று ஜன்னலில் கெஞ்சிவிட்டுப் போனார்கள்.

கரண்டியோடு போய்த் திறந்தாள். அவரு இல்ல, போ என்று கத்தத்தான் திறந்தாள்.

முன்னால் நின்றது சின்னக் காற்று. மாம்பூ வாசம் அடித்தது. அது அவளுக்குப் பின்னால் யாரையும் தேடவில்லை. ஒன்பது வருஷமாக அவள் சக்களத்தி என்று பல்லைக் கடித்தாளே, அதற்கு முகம் இல்லை, இடுப்பு இல்லை, சாமர்த்தியம் இல்லை. வழி தெரியாமல் நின்றது, அவ்வளவுதான். அவளைப் பார்த்து நின்றது. அவளையே பார்த்து.

"நீ செருப்புக் கடைக்குத்தானே" என்றாள். "தெக்கே போ. உப்பளத்தைத் தாண்டி இடது கை."

போயிற்று. அடுத்தது வந்தது. அதற்கும் தெரிந்தது அவளுக்கு. அதற்கடுத்ததற்கும். பொறாமையில் காது கொடுத்துக் கேட்டதெல்லாம் ஒன்றுவிடாமல் நெஞ்சில் இருந்தது, தஸ்நேவிஸ் ஏட்டைப் புரட்டிப் பார்த்துச் சொன்ன பெயரையெல்லாம் இவள் பார்க்காமல் சொன்னாள், அவன் சுற்றி வளைத்து அனுப்பிய இடங்களுக்குக் குறுக்குச் சந்து சொன்னாள், அவன் வாங்க போங்க என்றதை இவள் வா போ என்றாள், காற்றுகள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மணிக்குள் வரிசை தெருவுக்குள் வந்துவிட்டது, ஐந்து மணிக்கு வாசலில் நான்குதான் நின்றன. அடுப்பில் குழம்பு தீய்ந்துபோயிருந்தது. செசிலி அதை முகரக்கூட இல்லை.

அப்படி ஐந்து நாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் தெக்லா மாமியிடம் ஆள் அனுப்பினாள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நனைக்கிறேன் என்று.

ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியது. மந்திரி வந்தார், பேண்டு மறுபடியும் வந்தது. தச்சன் கதவிலிருந்து கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தான். தஸ்நேவிஸ் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஓரமாக நின்றான், என்ன செய்வதென்று தெரியாத கைகளைப் பின்னால் கட்டியிருந்தான். அமலி பட்டுச் சேலையில் வந்து அக்காளுக்கு முன்னால் நின்று வலது கையை நீட்டினாள். அழகாகத்தான் நீட்டினாள். எதையும் பிடுங்காத கை. சும்மா நீட்டினால் எல்லாம் வந்து சேர்கிற கை.

செசிலி செம்பை எடுத்தாள். கயிற்றை நனைத்தாள். சொட்டச் சொட்ட வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கை நீட்டிக்கிட்டு நிக்கேன்" என்றாள் அமலி மெதுவாக.

"நில்லு."

"எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும். நீ பாத்திருக்கியா ஒரு நாளாவது, நான் கை நீட்டிக்கிட்டு நின்னதை?"

செசிலி நனைந்த கயிற்றைத் தன் இடது கையிலிருந்து எடுத்துத் தன் வலது கையில் வைத்தாள், விரல்களை மூடினாள், போய் நில்லு என்றாள், தனக்கே கேட்கும்படி. பிறகு செம்பைக் கவிழ்த்துத் தரையில் வைத்தாள்.

மந்திரியின் ஆள் தாளை ஆட்டிக்கொண்டு வந்தான், ஏட்டில் அமலோற்பவம் என்றல்லவா இருக்கிறது, இது செல்லாது என்றான். தெக்லா மாமி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஏட்டுல இருக்கிறது ஏட்டுல இருக்கட்டும், அதுக்கு யாரு கை வச்சா? நனைஞ்ச கயிறு யாரு கையில இருக்கோ அவ கதவு. போயிச் சாப்பிடுங்க" என்றாள். அந்நேரம், சடங்குக்காக நீட்டி வைத்திருந்த பராமரிப்பு நேரம் முடிந்தது. தஸ்நேவிஸ் பழக்கத்தில் ஓரடி முன்னால் வைத்தான். காற்று ஒன்று தெரு முனையில் திரும்பி வந்தது, நீலக் கதவுப் பக்கம் போகவில்லை, தஸ்நேவிஸைத் தூணைச் சுற்றுவதுபோலச் சுற்றிக்கொண்டு வந்து செசிலி முன்னால் நின்றது.

அதன்பின் ஊர் அதையும் பழகிக்கொண்டது. பதவி அமலிக்கு, முத்திரை அமலிக்கு, வெளிநாட்டு மாநாட்டுக்குக் கப்பலேறுவதும் அமலிதான்; கதவு செசிலிக்கு. ஆறு குமாஸ்தாக்களை ஏலக் கொட்டகைக் கூரை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அமலி சில சாயங்காலம் வந்து அக்காள் பக்கத்தில் உட்காருவாள், ஒரே ஒரு தட்டல், ஒன்றே ஒன்று, நான் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்பாள். செசிலி காப்பி கொடுப்பாள். முறுக்குக் கொடுப்பாள். கதவைக் கொடுக்கமாட்டாள்.

தஸ்நேவிஸ் இப்போது சமைக்கிறான், சுமாராகத்தான் சமைக்கிறான். குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டு அடுக்களை நிலையில் சாய்ந்து நின்று பெண்டாட்டியைப் பார்க்கிறான், கதவு திறக்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குப் பார்க்க வேண்டும், அங்கிருந்து அவள் முதுகுதான் தெரிகிறது. ஒரு நாள் ஏதோ ஒரு காற்று வழக்கத்தைவிட அதிகநேரம் வாசலில் நின்றது, அவள் குரலைத் தாழ்த்தி என்னவோ சொல்லிச் சிரித்தாள், சிரித்து அவன் கேட்டுப் பல வருஷம் ஆயிற்று. கையில் அகப்பையோடு வந்துவிட்டான்.

"யாரு அது, செசிலி?" என்றான். குரல் சரியில்லை.

அவள் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இல்ல" என்றாள்.